ஹனோரா, வயது ஆறு

மார்ச் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை மோயா ஃபெரிட்டர் தன் அத்தையின் வீட்டுக்குக் குடிவந்தாள். வாடகை வண்டியில் இரண்டு கட்டில்கள், ஒரு மேசை, பதினோரு அட்டைப்பெட்டிகள். பக்கத்து இருக்கையில் மகள் டெஸ். மடியில் மீன் தொட்டி.

வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் மீன் செத்திருப்பதை மோயா பார்த்தாள்.

"எப்ப ஆச்சு இது?"

"பாலத்துக்கிட்ட."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ தூக்கிப் போட்டுருவ" என்றாள் டெஸ்.

ஹோலியோக் நகரின் இரண்டாம் கால்வாயை ஒட்டிய செங்கல் வரிசையில் அது கடைசி வீடு. எதிரே காகித ஆலை. கூரை போய், சுவர் மட்டும் நின்றது. நூற்று நாற்பது வருடங்களாக ஃபெரிட்டர்கள் தவிர வேறு யாரும் அந்த வீட்டில் இருந்ததில்லை. முதலில் ஆலைக்கு வாடகை கொடுத்து இருந்தார்கள், பிறகு சொந்தமாக்கிக்கொண்டார்கள். கடைசியாக இருந்தவள் ஊனா அத்தை. எண்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகாதவள். பிப்ரவரியில் இடுப்பு உடைந்து முதியோர் இல்லத்துக்குப் போனாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. மோயாவுக்கு வாடகையில்லாத வீடு வேண்டியிருந்தது. அவள் ஒரு பல் மருத்துவரிடம் நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்துக்கொள்பவள். நோய்த்தொற்றுக்குப் பயந்து அந்த வாரம் மருத்துவர் கதவைச் சாத்திவிட்டார்.

உள்ளே ஈர வாடை. துணி மூட்டையைத் தண்ணீரோடு கட்டிவைத்து மறந்துவிட்டதைப் போல. ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். போகவில்லை.

பக்கத்து வீட்டு கார்மென் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலிக்கு மேலாக ஒரு கிண்ணம் நீட்டினாள். சோறும் பீன்ஸும்.

"ரெண்டு பேருக்கு வரும். மூணாவது ஆளுக்கு வேணும்னா நாளைக்குத் தர்றேன்."

"மூணாவது ஆளா?"

"உங்க அத்த எப்பவும் ரெண்டு தட்டு வைப்பா. யாருக்கும்மான்னு கேட்டா, 'என் புருஷனுக்கு, இன்னும் பொறக்கல'ம்பா. அவ வாய்க்கு யார் பதில் சொல்றது?"

மோயா சிரித்தாள். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியைக் கடந்தபோது எங்கோ மேலே சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. டப்பாவுக்குள் ஏதோ விழுந்தது போல.

டெஸ் கீழே, வாசலில் இருந்தாள்.

*

அத்தை தினமும் தொலைபேசினாள். குரல் மெலிந்துவிட்டிருந்தது. நாக்கு மெலியவில்லை.

"தபால்ல சென்சஸ் ஃபாரம் வந்துச்சா?"

"வந்திருக்கு, அத்தை."

"மூணுன்னு போடு."

"ரெண்டுதானே? உங்கள அங்கயே கணக்கு எடுப்பாங்க. இல்லத்துல இருக்கறவங்கள இல்லத்துலதான் எழுதணும்."

"எனக்கே பாடம் நடத்துறியா நீ? மூணுன்னு போடு. சண்ட போடாத."

மோயா சரி என்றாள். போடவில்லை. பொய்க்கணக்கு எழுதுவது அவளுக்கு ஆகாது. கிழவி குழம்பிவிட்டாள் என்று நினைத்து, ஃபாரத்தை அப்படியே ஓரமாக வைத்தாள்.

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி அத்தை இறந்தாள். ஃபெரிட்டர்கள் வீட்டில் செத்தவரை முன்னறையில் கிடத்தி, கண்ணாடிகளைத் துணியால் மூடி, விடியும்வரை கூட இருப்பார்கள். தேநீரும் விஸ்கியும் பழைய சண்டைகளுமாக அனுப்பி வைப்பார்கள். அந்த ஏப்ரலில் யாருக்கும் அது கிடைக்கவில்லை. மூடிய பெட்டி கல்லறைக்குப் போனதைக் காருக்குள் இருந்தபடி மோயா பார்த்தாள்.

வீடு அவள் பேருக்கு வந்தது. கூடவே ஒரு செருப்புப் பெட்டி.

*

பெட்டி நிறைய பழைய சென்சஸ் தாள்களின் நகல்கள். அத்தை இருபது வருடங்களாகச் சேர்த்தவை. குடும்பம் அயர்லாந்தில் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. எல்லாத் தாளிலும் பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'அயர்லாந்து' என்று மட்டும் இருந்தது. ஊர் இல்லை. எழுதியவனுக்கு அது தேவைப்படவில்லை.

மோயாவுக்கு வேலை இல்லை, போக இடம் இல்லை. நூலகம் தன் பதிவேடுகளை வீட்டிலிருந்தே பார்க்கத் திறந்துவிட்டிருந்தது. சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு அத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

1880, ஜூன். இதே வீடு. டிமத்தி ஃபெரிட்டர், ஆலைக் கூலி. மனைவி ஜொஹானா, கந்தல் அறை வேலை. பழந்துணியிலிருந்து காகிதம் செய்த காலம் அது. மூட்டை மூட்டையாக வரும் கந்தலைப் பிரித்து, தையலைக் கிழித்து, பொத்தான்களை வெட்டி எடுப்பது பெண்களின் வேலை. பிள்ளைகளையும் கூட்டிப்போவார்கள். பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. நடுவில் ஒன்று: ஹனோரா, வயது ஆறு.

1880, நவம்பர். நகர இறப்புப் பதிவேடு. ஹனோரா ஃபெரிட்டர். வயது ஆறு. பெரியம்மை.

கந்தலில் வந்திருக்கும். அம்மை கண்டு செத்தவர்களை அன்றே புதைத்துவிடுவார்கள். யாரும் கிட்டே போகக்கூடாது. கிடத்துவதில்லை, கூட இருப்பதில்லை.

1890ஆம் வருடத் தாள்கள் வாஷிங்டனில் ஒரு தீ விபத்தில் போய்விட்டன. மூதாதையரைத் தேடுபவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் அது.

1900. அந்த வருடம் பெண்களிடம் இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்டிருந்தார்கள். எத்தனை பிள்ளைகள் பெற்றாய்? எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்?

ஜொஹானா சொல்லியிருந்தாள்: ஏழு. ஏழு.

மோயா பெயர்களை எண்ணினாள். வளர்ந்த பிள்ளைகள் ஆறு பேர். ஏழாவது: ஹனோரா, வயது ஆறு.

சில வருடங்களுக்கு முன் ஒரு வம்சாவளி வகுப்பில் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. ஐரிஷ்காரர்கள் செத்த பிள்ளையின் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பார்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் குழம்ப வேண்டாம்.

ஜொஹானாவுக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. எழுதியவன் தவறாக எழுதியிருப்பான். மோயா ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

1910. ஜொஹானா இல்லை. மருமகள் பிரிஜிட் பதில் சொல்லியிருந்தாள். பெற்றது மூன்று, இருப்பது மூன்று. ஜான், எட்டு. ஹனோரா, ஆறு. கேத்தரின், மூன்று.

கோயிலின் ஞானஸ்நானப் பதிவில் ஹனோரா இல்லை. அங்கே இருந்த மூவர் ஜான், டெனிஸ், கேத்தரின். டெனிஸ் 1904இல் பிறந்தவன். சென்சஸில் அவன் இல்லை. இறப்புப் பதிவேட்டிலும் இல்லை. கல்லறைப் பட்டியலிலும் இல்லை. அவனுடைய ஞானஸ்நானச் சான்றிதழ் மட்டும் பெட்டியின் அடியில் இருந்தது. பின்பக்கத்தில் பென்சிலால், பழைய சாய்ந்த கையெழுத்தில்:

இவன் இருந்தான்.

*

ஜூலையில் டெஸ்ஸின் சட்டைகளில் பொத்தான்கள் குறையத் தொடங்கின. அறுந்து விழவில்லை. நூல் நேராக வெட்டுப்பட்டிருந்தது.

"கத்திரிக்கோல எடுத்தியா?"

"நான் எடுக்கல. அவ வெட்டுனா."

"யாரு?"

"மாடிப்படில இருக்கறவ."

நான்கு மாதங்களாக டெஸ் வேறு ஒரு குழந்தையைத் தொட்டதில்லை. மோயா அவளை மடியில் உட்கார வைத்தாள்.

"அவளுக்கும் உன் வயசா?"

"இல்ல. எனக்குப் பனி பெஞ்சா ஏழாயிடும். அவளுக்கு ஆறுதான்."

"என்ன பேசுவா?"

டெஸ் அம்மாவின் காதருகே வந்தாள். வாய் சூடாக இருந்தது.

"இந்த வீட்டுல எத்தன பேருன்னு கேக்கறா. ரெண்டுன்னு சொன்னேன்."

"சரியாத்தானே சொல்லியிருக்க?"

"அவ அழுதா" என்றாள் டெஸ்.

மேலே டப்பாவில் ஏதோ விழுந்தது.

மோயா படியேறிப் போய்ப் பார்த்தாள். திருப்பத்தில் இருட்டு. ஈரத்துணி வாடை அங்கேதான் அதிகம். யாரும் இல்லை. மேல்படியில் பொத்தான்கள் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருந்தன. சின்னதிலிருந்து பெரியது வரை, வேலை பழகிய கை அடுக்கியது போல.

அவள் அவற்றை அள்ளிக் குப்பையில் போட்டாள்.

*

மிச்சத் தாள்களை அன்றே பார்த்து முடித்தாள்.

1920, 1930. பிரிஜிட்டே பதில் சொல்லியிருந்தாள். இரண்டிலும் ஒரு பெயர் கூடுதல். ஹனோரா, வயது ஆறு. மற்றபடி யாரும் குறையவில்லை.

1940. புதிதாக வந்த மருமகள் ஹெலன், மோயாவின் பாட்டி. பிள்ளைகள் இரண்டு. ஊனா, ஒன்பது. ஹனோரா, ஆறு. அந்த வருடம் யார் பதில் சொன்னார்களோ அவர் பெயருக்குப் பக்கத்தில் வட்டமிட்ட ஒரு சிலுவைக்குறி போடுவது வழக்கம். குறி ஹெலன் பக்கத்தில் இல்லை.

ஹனோராவின் பக்கத்தில் இருந்தது.

பெட்டியில் இன்னொரு சான்றிதழ். ஜெரால்ட் ஃபெரிட்டர், 1934. பின்பக்கம் வேறு கையெழுத்து, அதே வார்த்தை. இவன் இருந்தான். மோயாவின் அப்பா 1942இல் பிறந்தவர். தனக்கு ஒரு அண்ணன் இருந்ததாக அவர் சொன்னதேயில்லை. 'நானும் ஊனாவும், அவ்வளவுதான்' என்பார்.

கடைசியாக அத்தை நிரப்பிய படிவங்களின் நகல்கள். 1990, 2000, 2010. தனியாக வாழ்ந்தவள். மூன்றிலும் வீட்டில் இருப்போர் எண்ணிக்கை: இரண்டு. ஊனா ஃபெரிட்டர். ஹனோரா ஃபெரிட்டர், வயது ஆறு.

மோயா கணினியை மூடினாள். பிறகு நினைத்தாள்: ஜொஹானா துக்கம் தாங்காமல் ஒரு பொய் சொன்னாள். செத்தவளை உயிரோடு இருப்பதாக எழுத வைத்தாள். அந்தப் பொய்யை இந்த வீட்டுப் பெண்கள் நூற்றிருபது வருடங்களாகத் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். யாராவது ஒருத்தி உண்மையைச் சொல்லி முடித்து வைக்க வேண்டும்.

அப்படித்தான் அவளுக்குப் பட்டது.

*

ஆகஸ்ட் பதினொன்று, பிற்பகல். மோயா பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டெஸ் பக்கத்தில் நின்று கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அழைப்பு மணி அடித்தது.

"இங்கேயே இரு."

முன்கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. வெளியே, படிக்குக் கீழே ஆறடி தள்ளி, முகக்கவசமும் தோள்பையுமாக ஒரு பெரியவர். கையில் போன்.

"சென்சஸ்ம்மா. ஃபாரம் அனுப்பல நீங்க. மூணாவது தடவ வர்றேன். முப்பது வருஷம் தபால்காரனா இருந்தேன், அப்பக்கூட இவ்வளவு நாய்ங்க என்னத் தொரத்தல."

"மன்னிச்சுக்கங்க. வேற வேலையா இருந்துட்டேன்."

"பரவால்ல. உங்க பொண்ணு படு கெட்டி. கதவத் தெறந்ததும் கடகடன்னு பேரு, வயசு, எல்லாம் சொல்லிட்டா. எழுத்துக்கூட்டியும் சொல்லிட்டா. ஆனா சின்னப் புள்ள பேச்ச நான் எழுதக்கூடாது. பெரியவங்க சொல்லணும்." போனைத் தட்டினார். "ஏப்ரல் ஒண்ணாம் தேதி இந்த வீட்டுல எத்தன பேரு?"

அத்தையின் குரல் ஒரு கணம் காதில் வந்து போனது. மூணுன்னு போடு.

மோயா நிமிர்ந்து நின்றாள்.

"ரெண்டு."

"நீங்களும் பொண்ணும்."

"ஆமா."

"குழந்த ஒண்ணுதான?"

"ஒண்ணுதான். வேற யாரும் கிடையாது." குரலைக் கொஞ்சம் உயர்த்தியே சொன்னாள். வீட்டுக்குள்ளும் கேட்கட்டும் என்று.

"வயசு ஆறு?"

"ஆறு."

அவர் போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "பேரு இப்படித்தான எழுதணும்?"

ஆறடி தூரம். திரையில் வெயில். வெள்ளையாக ஒரு பளபளப்பு மட்டும் தெரிந்தது.

மோயா தலையாட்டினாள்.

அவர் கையசைத்துவிட்டுப் போனார். அவள் கதவைச் சாத்தினாள். மனம் லேசாக இருந்தது. ஈர வாடைகூட இல்லாதது போல இருந்தது.

சமையலறை வரை வந்த பிறகுதான் நின்றாள்.

டெஸ் பின்கட்டில் இருந்தாள்.

மணி அடித்தபோது டெஸ் தன் பக்கத்தில் நின்று கிளிப் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மோயா பின்கதவுக்கு ஓடினாள். கொடியில் துணி ஆடிக்கொண்டிருந்தது. புல்லில் கிளிப்புகள் கிடந்தன. டெஸ்ஸின் மஞ்சள் சட்டை ஈரமாகத் தொங்கியது. அதில் ஒரு பொத்தான்கூட இல்லை.

"டெஸ்!"

கட்டிலடி. அலமாரி. மாடிப்படித் திருப்பம்.

"டெஸ்!"

தெருவுக்கு ஓடினாள். முனையில் அந்தப் பெரியவர் அடுத்த வீட்டு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பேரு என்ன போட்டீங்க?"

"யம்மா, மாஸ்க் போடுங்க."

"பேரு!"

அவர் இரண்டடி பின்னால் போனார். "ஹனோரா. அவதான சொன்னா? நீங்களும் தலையாட்டுனீங்களே."

"இல்ல. இன்னொருத்தி இருக்கா. டெஸ். டெஸ் ஃபெரிட்டர்னு எழுதுங்க. மூணு. நாங்க மூணு பேரு. மூணுன்னு போடுங்க."

"நீங்கதானம்மா ஒண்ணுதான்னு அடிச்சுச் சொன்னீங்க?" அவர் குரல் தணிந்தது. இந்த வருடம் நிறையப் பேர் இப்படி ஆகிவிட்டதைப் பார்த்தவரின் குரல். "அனுப்பியாச்சு. என் கையில இல்ல. உள்ள போய்க் கொஞ்சம் தண்ணி குடிங்க."

கார்மென் வேலியருகே நின்றிருந்தாள்.

"கார்மென், டெஸ்ஸப் பாத்தீங்களா?"

"யாரு?"

"டெஸ். என் பொண்ணு."

"என்னடி ஆச்சு உனக்கு? வெயில்ல நின்னியா?" கார்மென் கையை நீட்டிக் காட்டினாள். "ஹனோரா அங்கதான வாசப்படில உக்காந்திருக்கா."

மோயா திரும்பிப் பார்க்கவில்லை. வாடை முன்பே வந்துவிட்டது.

*

போலீசுக்குப் போன் செய்தாள். மறுமுனையில் இருந்த பெண் பிறந்த தேதியைக் கேட்டாள், காத்திருக்கச் சொன்னாள், பிறகு மெதுவாகச் சொன்னாள்: அப்படி ஒரு குழந்தை பதிவில் இல்லை. உங்களுக்கு ஒரே மகள், அம்மா. அவள் பெயர் வேறு.

சமையலறை மேசையில் தாள்கள் கிடந்தன. இப்போது அவை தாமாகவே வரிசைக்கு வந்தன. 1900இல் ஜொஹானா பொய் சொன்னாள், யாரும் போகவில்லை. 1910இல் புது மருமகள் பிரிஜிட் உண்மை சொன்னாள், டெனிஸ் போனான். அதன்பின் அவள் ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டிச் சொன்னாள். 1940இல் பேர் சொன்னது ஹனோரா, எண்ணிக்கைக்கு உண்மை சொன்னது அடுத்த மருமகள். ஜெரால்ட். அத்தை தனியாக இருந்தவரைக்கும் இரண்டு என்றே எழுதினாள். வயதானவள் குழம்பவில்லை. ஆறு வயதுக்காரிக்கு இந்த வீட்டில் ஓர் இடம் வேண்டும். கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல். கொடுக்காவிட்டால், இருக்கிற பிள்ளையின் இடம்.

ஆறு மணிக்கு டெக்லன் அழைத்தான். அவர்கள் பிரிந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் தினமும் ஆறு மணிக்கு மகளிடம் பேசத் தவறமாட்டான். மோயா போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"டெக்லன், நான் சொல்றதக் கவனமாக் கேளு. டெஸ்—"

"என்ன டெஸ்ட்? உனக்குக் காய்ச்சலா?" அவன் சிரித்தான். "சரி, அப்புறம் சொல்லு. எங்க அந்த வாயாடி? ஹனோராகிட்ட குடு."

பின்னாலிருந்து ஒரு சின்னக் கை போனை வாங்கிக்கொண்டது. ஈரமாக இருந்தது.

"அப்பா" என்றது.

மோயா செருப்புப் பெட்டியைத் திறந்தாள். தன் கோப்புகளுக்குள் தேடினாள். பிறப்புச் சான்றிதழில் பெயர் மாறியிருந்தது. பள்ளித் தாள்களில் மாறியிருந்தது. ஞானஸ்நானச் சான்றிதழ் மட்டும் அப்படியே இருந்தது. தெரசா ஃபெரிட்டர், டெஸ்ஸின் முழுப்பெயர். மற்ற இருவருக்கும் அது மட்டுமே மிஞ்சியது ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. கொடியில் தொங்கும் மஞ்சள் சட்டை யாருடையது என்று சற்று முன்னால் ஒரு கணம் நின்று யோசித்திருந்தாள்.

பென்சிலை எடுத்தாள். சான்றிதழைத் திருப்பி, அவசரமாக, அழுத்தி எழுதினாள்.

இவள் இருந்தாள்.

அடுத்த அறையில் குழந்தை அப்பாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. மோயா தாளை மறுபடி முன்பக்கம் திருப்பினாள். பெயரை வாய்விட்டு ஒருமுறை படித்தாள். நல்ல பெயராக இருந்தது. யாராக இருக்கும் என்று நினைத்தாள். தாளை மடித்து டெனிஸுக்கும் ஜெரால்டுக்கும் பக்கத்தில் வைத்து மூடினாள்.

பிறகு எழுந்து போய் இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள்.

மாடியில் டப்பாவில் ஒரு பொத்தான் விழுந்தது.